நகரைக் கட்டுவோரும் நகருக்காக அழுவோரும்

கடந்த கோடை விடுமுறையில் ஒரு நாள், மாலைத் திருப்பலி முடிந்து கோவிலைப் பூட்டும் வேளையில், பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் நம்மிடம் வந்தார். “சாமி, எங்க பையனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கம்ப்யூட்டர்ல உக்காந்து ஊரு கட்டுறான். சாப்பிடக் கூப்பிட்டா, ‘சாக்கடை அடைச்சிருச்சும்மா, சரி பண்ணிட்டு வர்றேன்’ங்கிறான். நம்ம தெருச் சாக்கடை மூணு மாசமா அடைச்சுக் கெடக்கு. அதை எட்டிப் பாக்க ஆளில்ல” என்றார்.

பையன் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவன். கணினி, கோவையில் வேலை பார்க்கும் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. அடுத்த ஞாயிறு மறையுரைக்கு நாம் பொருள் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. சோம்பல், நேர விரயம், பொய்யுலகம் என்று மூன்று தலைப்புகளில் குறிப்பும் எழுதி வைத்துவிட்டோம். ஆயினும் கண்ணால் காணாத ஒன்றைப் பீடத்தில் நின்று கண்டிப்பது முறையாகுமா என்று மனம் உறுத்தியது. ஆகவே அவ்வீட்டுக்குச் சென்று, மூன்று மாலைப் பொழுதுகள் அவன் அருகே அமர்ந்து பார்த்தோம், விளங்காதவற்றைக் கேட்டோம், பின்னர் இவ்வகை விளையாட்டுகளைப் பற்றித் தேடிப் படித்தோம். மறையுரைக் குறிப்பைக் கிழித்துவிட்டோம். அதன் இடத்தில் எழுந்ததே இக்கட்டுரை.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவது நன்று. பணம் வைத்து ஆடும் இணையவழிச் சூதாட்டம் தமிழகத்தில் பல குடும்பங்களைக் குலைத்திருக்கிறது; 2023இல் அதைத் தடை செய்யும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. சுட்டு வீழ்த்தும் விளையாட்டுகளைப் பற்றியும் பேசவில்லை. நாம் எடுத்துக்கொண்டிருப்பவை, வெற்று நிலத்தில் ஒரு நகரை எழுப்பி, அதற்குச் சாலையும் நீரும் வேலையும் மருத்துவமும் அமைத்து, அது சிதையாமல் காக்கச் சொல்லும் கடினமான விளையாட்டுகள். உழைத்துக் களைக்க வேண்டிய ஒன்றை இளைஞர் ஏன் விரும்பி ஆடுகின்றனர் என்பதே நம் கேள்வி.

அழிப்பினின்று பிறந்த ஆக்கம்

இவ்விளையாட்டுகளின் பிறப்புக் கதையே சிந்திக்கத் தக்கது. 1984இல் வில் ரைட் என்னும் அமெரிக்கர், ஹெலிகாப்டரில் பறந்து தீவுகளின் மீது குண்டு வீசும் விளையாட்டு ஒன்றை உருவாக்கினார். அதற்காகத் தீவுகளில் சாலைகளையும் தொழிற்சாலைகளையும் வரைந்து அமைத்தபோது, அவற்றை அழிப்பதைவிட அமைப்பதே தமக்கு இன்பமாய் இருப்பதைக் கண்டார். அந்த எளிய கண்டுபிடிப்பிலிருந்து 1989இல் ‘சிம்சிட்டி’ பிறந்தது. வெற்றியும் தோல்வியும் இல்லாத ஆட்டத்தை யார் வாங்குவார் என்று முதலில் வெளியீட்டாளர்கள் தயங்கினர். ஆனால் உலகெங்கும் மக்கள் அதை வாங்கினர். வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் நாளை எசாயா இறைவாக்கினர் கனவு கண்டார். குண்டு வீசும் ஆட்டத்தினின்று நகர் அமைக்கும் ஆட்டம் பிறந்ததில் அக்கனவின் சிறு சாயலையேனும் காண்பது மிகையாகாது.

அதன் வழியில் எண்ணற்ற விளையாட்டுகள் வந்தன. பின்லாந்து நாட்டுச் சிறு குழுவொன்று 2015இல் உருவாக்கிய ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ அவற்றுள் புகழ் மிக்கது. நம் பங்கு இளைஞன் ஆடுவதும் அதுவே. 2014இல் ஒரே மனிதர் தனித்து உழைத்து வெளியிட்ட ‘பேனிஷ்ட்’, நாடு கடத்தப்பட்ட சில குடும்பங்கள் காட்டில் ஒரு சிற்றூரை அமைத்துக் குளிர்காலத்தைத் தாண்டும் கதை. போலந்து நாட்டில் உருவானவை 2018இல் வெளிவந்த ‘ஃப்ராஸ்ட்பங்க்’கும், 2021இல் முதல் வடிவம் பெற்ற ‘டிம்பர்பார்ன்’னும். இவற்றில் எதுவும் எளிதன்று.

கடினமே கவர்ச்சி

முதல் மாலையில் நாம் கண்ட காட்சி இது. இளைஞனின் நகரில் ஏறத்தாழ 40,000 பேர் இருந்தனர். திடீரென அவர்களுள் பலர் நோயுற்றனர். மருத்துவமனை கட்டினால் தீரும் என்று நாம் எண்ணினோம். அவன் அப்படிச் செய்யவில்லை. ஆற்றின் போக்கைக் கவனித்தான். நகரின் கழிவுநீர் ஆற்றில் விழும் இடம், குடிநீர் எடுக்கும் இடத்திற்கு மேலே இருந்தது. அவசரத்தில் தானே வைத்த பிழை. அதைக் கீழே மாற்றியமைத்தான். சற்று நேரத்தில் நகர் நலம் பெற்றது. “மருந்து குடுக்குறது ரெண்டாவது ஃபாதர். தண்ணி எங்கேருந்து வருதுன்னு மொதல்ல பாக்கணும்” என்றான். ஆண்டுதோறும் தவக்காலத்தில் பாவத்தின் வேரைக் களைவது பற்றி நாம் பேசும் நீண்ட உரைகளைவிட அவ்வாக்கு சுருக்கமாகவும் தெளிவாகவும் இருந்தது.

இரண்டாம் மாலையில் வேறொரு துன்பம். அந்நகரில் ஒரே வேளையில் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். பிணங்களை எடுத்துச் செல்லும் வண்டிகள் போக்குவரத்து நெரிசலில் சிக்கிக்கொண்டன. காரணம் என்ன? பல மாதங்களுக்கு முன் ஒரே மூச்சில் ஒரு பெரும் குடியிருப்பை அவன் திறந்துவிட்டான். ஏறத்தாழ ஒரே வயதினர் அங்கே குடியேறினர், ஒன்றாக மூத்தனர், ஒன்றாக இறந்தனர். ‘பேனிஷ்ட்’டிலும் இதன் மறுபக்கம் உண்டு. இளம் இணையருக்குப் புது வீடு கட்டித் தராமல் காலம் தாழ்த்தினால் குழந்தைகள் பிறப்பதில்லை. அன்று எதுவும் தெரியாது. ஒரு தலைமுறை கழித்து வயலில் உழைக்கக் கைகள் இல்லாமல் ஊரே பட்டினியில் விழும்.

இங்கேதான் இவ்விளையாட்டுகளின் கவர்ச்சி இருக்கிறது என்பது நம் கருத்து. நம் இளைஞர் வாழும் உலகில் செயலுக்கும் விளைவுக்கும் இடையிலுள்ள கயிறு கண்ணுக்குத் தெரிவதில்லை. தேர்வுக்கு உழைக்கின்றனர், வேலை கிடைக்குமா என்பது தெரியாது. மனுக் கொடுக்கின்றனர், அது எந்த மேசையில் கிடக்கிறது என்பது தெரியாது. வாக்களிக்கின்றனர், சாலை வருமா என்பது தெரியாது. விளையாட்டிலோ ஒவ்வொரு செயலும் விளைவோடு திரும்பி வருகிறது. தவறினால் தவறு எங்கே என்று தேடிக் காணலாம். கண்டால் திருத்தலாம். பொறுப்பு முழுவதும் தன்னுடையது என்னும் உணர்வு, சுமையாக மட்டுமன்றி மாண்பாகவும் இருக்கிறது. எளிய விளையாட்டு இந்த மாண்பைத் தருவதில்லை. எவரும் செய்யக்கூடியதைச் செய்து முடிப்பதில் நிறைவு ஏது?

மனிதனை ஏதேன் தோட்டத்தில் வைத்த இறைவன், அதைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் வைத்தார் என்று தொடக்கநூலின் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. அது வீழ்ச்சிக்கு முந்தைய செய்தி. அதாவது, உழைப்பும் பொறுப்பும் பாவத்தின் தண்டனையாக வந்தவை அல்ல; மனித இயல்பிலேயே விதைக்கப்பட்டவை. இரவு இரண்டு மணிக்குக் கற்பனை நகரின் சாக்கடையைச் சரிசெய்யும் இளைஞனிடம் துடிப்பது அந்தப் பழைய அழைப்பே அன்றி வேறென்ன?

விளையாட்டைத் திருச்சபை எப்போதும் ஐயத்துடனேயே நோக்கியது என்று எண்ணுவோரும் உளர். புனித தாமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில் விளையாட்டுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்குகிறார். திருத்தூதர் யோவான் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறல்பட்டதாகவும், நாண் தளர்த்தப்படாத வில் முறிந்துவிடும் என்று அவர் விளக்கியதாகவும் வரும் பழைய கதையை அங்கே எடுத்தாள்கிறார். அளவறிந்து விளையாடுவதை நற்பண்பு என்கிறார். அளவு மீறுவதைக் குற்றம் என்கிறார். இரவு இரண்டு மணி என்பது அளவு மீறலே. அதில் தாயின் பக்கமே நாமும் நிற்கிறோம். ஆனால் அளவு மீறல் என்பது விளையாட்டின் மீதான தீர்ப்பு ஆகாது.

அணையும் பள்ளத்தாக்கும்

‘டிம்பர்பார்ன்’ விளையாட்டைக் கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் எவர் பார்த்தாலும் ஒரு கணம் திகைத்துப் போவார். மனித இனம் மறைந்துவிட்ட உலகில், ஆற்றின் குறுக்கே மரங்களால் அணை கட்டும் பீவர் என்னும் விலங்குகள் ஊர் அமைக்கின்றன. மழைக்காலத்தில் ஆறு பெருகும், பின்னர் வறட்சி வரும், ஆறு வற்றும். ஒவ்வொரு வறட்சியும் முந்தையதைவிட நீளக்கூடும். நீரைத் தேக்காதவர் ஊர் தாகத்தால் அழியும். அணையை எங்கே கட்டுவது, மதகை எப்போது திறப்பது, வயலுக்கு எவ்வளவு, குடிக்க எவ்வளவு என்பதே ஆட்டம்.

இது நம் வரலாறு அல்லவா? மேற்கே பாய்ந்து அரபிக்கடலில் கலந்த பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்னும் எண்ணம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் அரசின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்குத் தோன்றியது; செலவு மிகுதியால் அது கைவிடப்பட்டது. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சம் மக்களைக் கொள்ளைகொண்ட பின், 1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. 1887இல் ஜான் பென்னிகுயிக் தலைமையில் பணி தொடங்கி, 1895இல் அணை திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீர் இப்பக்கம் வந்தது. இன்று லோயர்கேம்ப் முதல் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகக் கண்ணுக்கெட்டிய தூரம் விரியும் இருபோக நெல்வயலும், பன்னீர்த் திராட்சைப் பந்தலும் அந்நீரின் கொடை. வைகை வழியே மதுரையையும் இராமநாதபுரத்தையும் அது தொடுகிறது. 2013இல் லோயர்கேம்ப்பில் திறக்கப்பட்ட மணிமண்டபத்தில் உழவர் இன்றும் தைப்பொங்கல் நாளில் பென்னிகுயிக்கை நினைந்து பொங்கலிடுகின்றனர்.

ஆனால் உவமையை அத்துடன் நிறுத்தினால் நாம் பாதி உண்மையையே சொன்னவர்கள் ஆவோம். விளையாட்டில் அணை உடைந்தால், சேமித்து வைத்த முந்தைய நிலைக்குத் திரும்பலாம். பெரியாற்றில் அப்படித் திரும்ப வழி இருக்கவில்லை. கட்டத் தொடங்கிய தடுப்புகளை வெள்ளம் அடித்துச் சென்றது, மீண்டும் கட்டினர். காட்டுக் காய்ச்சலில் தொழிலாளர் பலர் மாண்டனர்; அவர்கள் மீண்டும் வரவில்லை. அணைக்கு அருகே அவர்களின் கல்லறைகள் இருக்கின்றன. பென்னிகுயிக்கின் பெயரை நம் குழந்தைகளுக்கு இடுகிறோம். சுண்ணாம்பும் செங்கல் தூளும் சுமந்த அந்தக் கூலித் தொழிலாளருள் ஒருவர் பெயரேனும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மற்றொன்றும் உண்டு. மலைக்கு அப்பால், அணைக்குக் கீழே வாழும் கேரள மக்களின் அச்சம். 1979இல் அணையின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. இவ்விரு எண்களுக்கும் இடையில் இப்பக்கத்து உழவரின் தாகமும் அப்பக்கத்துத் தாயின் உறக்கமின்மையும் இருக்கின்றன. 2011 டிசம்பரில் எல்லையின் இருபுறமும் அன்றாடம் ஒன்றாய்த் தோட்ட வேலைக்குப் போய்வந்தவர்களே ஒருவரையொருவர் கண்டு அஞ்சிய நாள்களை நம்மில் பலர் நேரில் கண்டோம். ‘டிம்பர்பார்ன்’னில் நீர் ஓடிவரும் திசையிலோ ஓடிப்போகும் திசையிலோ அண்டை வீட்டார் எவரும் இல்லை. வரைபடத்தின் விளிம்போடு உலகம் முடிந்துவிடுகிறது.

முகமற்ற மக்கள்

இவ்விளையாட்டுகளின் குறை இங்கே வெளிப்படுகிறது. அவற்றில் மக்கள்தொகை உண்டு, மக்கள் இல்லை. நோயாளி உண்டு, அவருடைய பெயர் ஒரு சிறு கட்டத்தில் தோன்றி மறையும். ஒரு தெருவை இடித்துச் சாலை போட வேண்டுமா? சுட்டியை ஒருமுறை அழுத்தினால் போதும். மறுக்க எவரும் இல்லை. வழக்குத் தொடுக்க எவரும் இல்லை. இடிந்த வீட்டின் முன் மண்ணை வாரித் தூற்றி அழும் மூதாட்டியும் இல்லை.

‘சிம்சிட்டி’யை உருவாக்கியபோது தம்மைப் பாதித்ததாக வில் ரைட் குறிப்பிட்ட படைப்புகளுள் ஒன்று, போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்வாவ் லெம்மின் சிறுகதை. நாடிழந்த கொடுங்கோல் அரசன் ஒருவனுக்குப் பொழுதுபோக்காக, ஒரு பெட்டிக்குள் அடங்கும் சின்னஞ்சிறு அரசை ஒரு பொறியாளர் செய்து தருகிறார். அதில் நகரங்களும் குடிமக்களும் உண்டு. அரசன் விரும்பியபடி ஆளலாம். பெருமையோடு திரும்பிய பொறியாளரை நண்பர் கடிந்துகொள்கிறார். அச்சிறு குடிமக்கள் படும் துன்பம் பொய் என்று உன்னால் எப்படி உறுதியாய்ச் சொல்ல முடியும் என்று கேட்கிறார். கணினி நகரில் துன்புறும் உயிர் இல்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும் அக்கதையின் கேள்வி வேறு திசையிலிருந்து நம்மைத் தாக்குகிறது. பெட்டிக்குள் இருப்பவருக்கு வலிக்கிறதா என்பதைவிட, பெட்டியை ஆள்பவனின் உள்ளம் என்ன ஆகிறது என்பதே பெரிதன்றோ?

இதற்கு ஒரு சான்று உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டைச் சேர்ந்த கட்டடக்கலை மாணவர் ஒருவர், ‘சிம்சிட்டி 3000’ விளையாட்டில் அதன் விதிகள் அனுமதிக்கும் உச்ச அளவுக்கு ஒரு நகரை எழுப்பினார். ஆண்டுக்கணக்கில் கணக்கிட்டு வரைந்து, 2010இல் அதை உலகுக்குக் காட்டினார். பெயர் மேக்னாசாந்தி. மக்கள்தொகை 60 இலட்சம். நெரிசல் இல்லை, சாலைகளே இல்லை. ஆனால் மக்கள் முதுமை காண்பதில்லை. காவல் இல்லாத தெரு இல்லை. எண்களின்படி அது வெற்றி. அதை ஒரு கனவாக அன்றி, எச்சரிக்கையாகவே அவர் உருவாக்கினார். விதிகளை மட்டும் நம்பிச் செய்யும் ஆட்சி எங்கே போய் முடியும் என்பதை எந்த மறையுரையும் இவ்வளவு தெளிவாய்க் காட்டியதில்லை.

விதிகளும் எவரோ ஒருவர் எழுதியவையே என்பதை மறக்கலாகாது. ‘சிம்சிட்டி’யின் அடித்தளத்தில் ஜே ஃபாரஸ்டர் என்னும் அறிஞர் 1969இல் வெளியிட்ட நகர இயக்கவியல் நூலின் தாக்கம் உண்டு. ஏழைகளுக்கு மலிவு வீடுகள் கட்டுவது நகருக்குத் தீங்காகவே முடியும் என்பது அந்நூலின் முடிவுகளுள் ஒன்று. அதை ஏற்பவர் உண்டு, மறுப்பவரும் உண்டு. ஆனால் ஆடும் சிறுவனுக்கு அது ஒரு கருத்தாகத் தெரிவதில்லை. இயற்கை விதியாகவே தெரியும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் சொல்லப்படாத ஒரு விசுவாச அறிக்கை உண்டு. அதைக் கண்டறியக் கற்றுக்கொடுப்பது நம் கடமை.

இக்குறையை உணர்ந்து அதனோடு போராடும் படைப்பு ‘ஃப்ராஸ்ட்பங்க்’. உறைபனி சூழ்ந்த உலகில் ஒரு பெரும் நிலக்கரி அடுப்பைச் சுற்றி எஞ்சிய மக்கள் வாழ்கின்றனர். தலைவன் சட்டம் இயற்ற வேண்டும். குழந்தைகளை வேலைக்கு அனுப்பலாமா? உணவைக் கஞ்சியாக்கி எல்லாருக்கும் பகிரலாமா? ஒவ்வொன்றையும் தேவை என்னும் பெயரில் ஏற்கச் செய்துவிடுகிறது விளையாட்டு. மக்களின் நம்பிக்கையைக் காக்க இரு வழிகள் உண்டு: ஒன்று ஒழுங்கு, மற்றது சமயம். நாம் இயல்பாகச் சமயத்தின் வழியைத் தெரிந்துகொள்ளச் சொன்னோம். செபக்கூடம் எழுந்தது, பசித்தவருக்குச் சமையற்கூடம் திறந்தது, மகிழ்ந்தோம். பின்னர் நம்பிக்கைக் காவலர் வந்தனர். பொது இடத்தில் தண்டனைத் தவம் வந்தது. அயலாரைக் காட்டிக்கொடுக்கும் வழக்கம் வந்தது. ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து சிறிதே உயர்ந்தது. எல்லை கடந்தவரிடம் இறுதியில் விளையாட்டு கேட்கிறது: ஊர் பிழைத்தது, ஆனால் இந்த விலைக்கு அது தகுமா? குருவாகிய நமக்கு அன்றிரவு உறக்கம் எளிதில் வரவில்லை. இதை வீண் விளையாட்டு என்று ஒதுக்க நம்மால் இயலாது. நம்மையே ஆராயச் செய்யும் எந்தப் படைப்பும் வீணன்று.

நினிவேயும் எருசலேமும்

விவிலியத்தில் முதல் நகரைக் கட்டியவன் காயின், தம்பியைக் கொன்றவன். பின்னர் தங்கள் பெயரை நிலைநாட்ட விரும்பியோர் பாபேலில் கோபுரம் எழுப்பினர். ஆனால் திருவெளிப்பாட்டின் இறுதியில் மீட்பு ஒரு தோட்டமாக மட்டும் வருவதில்லை. ஒரு நகராக, விண்ணிலிருந்து இறங்கும் புதிய எருசலேமாக வருகிறது. நகரை இறைவன் வெறுக்கவில்லை, நகரையே மீட்கிறார். கோபுரம் கட்ட விரும்புவோர் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று ஆண்டவர் லூக்கா நற்செய்தியில் கேட்கிறார். கணக்கிடுவது தவறன்று. திட்டமிடுவது தவறன்று. அவ்வகையில் இவ்விளையாட்டுகள் தரும் பயிற்சி மெய்யான பயிற்சியே.

ஆயினும் யோனா நூலின் முடிவை நினைவுகூர்வோம். நினிவே அழியவில்லையே என்று இறைவாக்கினர் சினம் கொள்கிறார். இறைவன் அவருக்கு ஓர் எண்ணைச் சொல்கிறார்: வலக்கை எது, இடக்கை எது என்று அறியாத 1,20,000க்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கின்றனர், கால்நடைகளும் இருக்கின்றன, இரக்கம் கொள்ளாதிருப்பேனோ என்கிறார். இறைவனும் மக்கள்தொகையை எண்ணுகிறார். ஆனால் அவருடைய எண்ணிக்கை இரக்கத்தில் முடிகிறது. எருசலேமை நெருங்கிய நம் ஆண்டவர் அந்நகரைப் பார்த்து அழுதார் என்று லூக்கா எழுதுகிறார். நகரைக் கட்டவும் கணக்கிடவும் விளையாட்டு கற்றுத் தருகிறது. நகருக்காக அழக் கற்றுத் தருவது அதன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. அது நம்மிடம் விடப்பட்ட பணி.

வாய்க்கால் ஓரம்

மூன்றாம் மாலை விடைபெறும்போது அந்த இளைஞன் கேட்ட கேள்வி நம்மைச் சுட்டது. “ஃபாதர், நம்ம ஊர்லயும் சாக்கடை வாய்க்கால்லதான விழுது? அதுக்குக் கீழதான கீழூர்க்காரங்க ஆடு மாட்டுக்குத் தண்ணி காட்டுறாங்க?” நாம் இப்பங்கில் பொறுப்பேற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நாள்தோறும் அவ்வாய்க்காலைக் கடந்தே நடுத்தெருக் கோவிலுக்குப் போகிறோம். இக்கேள்வி நமக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அத்துடன் வேறொன்றும் உறைத்தது. 40,000 பேருக்கு நீரும் சாலையும் அமைக்கத் தெரிந்த இவனிடம், இத்தனை ஆண்டுகளில் நம் பங்கு கேட்டது என்ன? திருவிழாவுக்குத் தோரணம் கட்டச் சொன்னோம். நாற்காலி அடுக்கச் சொன்னோம். தேர் இழுக்கச் சொன்னோம். பங்குப் பேரவையில் அவன் வயதினர் எவரும் இல்லை. கற்பனை நகர் அவனுக்குக் கொடுத்த நம்பிக்கையை நாம் கொடுக்கவில்லை. அவன் அங்கே போனதில் வியப்பு ஏது?

ஆகவே இளைஞர் அறுவரை அழைத்து, ஊரின் கழிவுநீர் எங்கெங்கே வாய்க்காலில் சேர்கிறது என்று வரைபடம் எழுதித் தருமாறு கேட்டோம். இரண்டு சனிக்கிழமைகளில் எழுதி முடித்தனர். 17 வீடுகள். விளையாட்டுப் பழக்கத்தில் நம் இளைஞன் உடனே வழி சொன்னான்: அந்த 17 குழாய்களையும் அடைத்துவிடலாம். முதல் வீட்டில் தனியே வாழும் ஒரு மூதாட்டி இருந்தார். கோவிலுக்கு வருபவர் அல்லர், வேறு சமயத்தவர். இவர்கள் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, “அடைச்சிட்டு நீங்க போயிருவீங்க தம்பி. எங்க வீட்டுத் தண்ணி எங்கப்பா போகும்?” என்றார். பின்னர் அறுவருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தார்.

அவர்கள் அன்று எதையும் அடைக்காமல் திரும்பி வந்தனர். “கேம்ல இந்த மாதிரி ஒரு பாட்டி கிடையாது ஃபாதர்” என்றான் அவன். இரு வாரம் கழித்து, அந்த அறுவரும் மண்வெட்டியோடு போய் அவர் கொல்லையில் ஓர் உறிஞ்சிகுழி வெட்டிக் கல் நிரப்பிக் கொடுத்தனர். எஞ்சிய 16 வீடுகளுக்கும் மனு எழுதியிருக்கின்றனர். அது எந்த மேசையில் இருக்கிறதோ, அறியோம். அவன் தாய் சொன்ன தெருச் சாக்கடை இன்னும் முழுவதும் சீராகவில்லை. இளைஞன் இன்னும் நகர் கட்டுகிறான். பதினொரு மணிக்கு நிறுத்திவிடுவதாகத் தாய்க்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். பெரும்பாலும் காப்பாற்றுகிறான் என்று கேள்விப்படுகிறோம்.

பெற்றோரே, பிள்ளை திரையின் முன் அமர்ந்திருப்பதைக் கண்டதும் கடிந்துகொள்ளுமுன், ஒரு மாலை அருகே அமர்ந்து, என்ன கட்டுகிறாய் என்று கேளுங்கள். பங்குப் பேரவையினரே, அன்பியப் பொறுப்பாளரே, தோரணமும் நாற்காலியும் தவிர அவர்கள் கையில் ஒப்படைக்கத் தக்க பணி நம்மிடம் என்ன இருக்கிறது என்று நம்மையே கேட்போம். அடுத்த பேரவைத் தேர்வில் 25 வயதுக்கு உட்பட்ட இருவருக்கு இடம் ஒதுக்க நம் பங்கில் முடிவு செய்திருக்கிறோம். உங்கள் பங்கில் இத்தகைய முயற்சி நடந்திருப்பின் இவ்விதழுக்கு எழுதுங்கள், நாமும் கற்றுக்கொள்வோம்.